மயிலை பால் மறக்கடித்த விதம்

குட்டிகள் பிறந்த 22ஆம் நாள் இரவு எங்கள் நாய் மயிலைக்கு உதறல் கண்டது. மாலையிலிருந்தே அவள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கார்த்திகை முடியப்போகிற குளிரில், கோடை மத்தியானத்தில் இரைப்பதைப் போல் அவளுக்கு மூச்சு இரைத்தது. பத்து மணிக்கெல்லாம் பின்னங்கால்கள் விறைத்து, மரக்கால் கட்டியவள் போல் நடந்தாள். குட்டிகள் மடியைத் தேடி வந்து முட்டியபோது படுக்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் நின்றாள்; தோளிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் தசை துடிப்பது அரிக்கன் விளக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "எய்யா, இது ஜன்னில்லா. விடியுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காத" என்றார். ஆச்சி மாடு கன்றுகளோடு எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் சொன்னதற்காகவே ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

கால்நடை மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: எத்தனை குட்டி, எத்தனை நாள். ஆறு குட்டி, 22 நாள் என்றதும் மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் முன்னங்காலில் ஊசி ஏற்றிக் கால்சியம் மருந்தை மிக மெதுவாகச் செலுத்தத் தொடங்கினார். ஒரு கையில் மருந்து, மறு கையில் ஸ்டெதாஸ்கோப். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு துளிக்கும் அவர் நெஞ்சொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து பாதி ஏறும்போதே உதறல் தணிந்தது. புறப்படும்போது அவர் சொன்னது: "நாளை ராத்திரி வரை குட்டிகளை மடியில் விடாதீர்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நீங்கள் ஊட்டத் தொடங்கிவிடுங்கள்." நான்காம் வாரம் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒத்திவைத்திருந்த பால் மறக்கடிப்பு, அந்த நள்ளிரவில் இப்படித்தான் தொடங்கியது.

இந்த நோயைப் பற்றி நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பால் உச்சமாகச் சுரக்கும் இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரங்களில், பாலோடு வெளியேறும் சுண்ணாம்புச் சத்தின் வேகத்துக்கு எலும்பும் குடலும் ஈடுகொடுக்க முடியாமல் போனால், இரத்தத்தில் அதன் அளவு இறங்கி, தசைகள் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. சின்ன உடம்பும் பெரிய ஈத்தும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். சில மணி நேரம் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து உயிர் போய்விடும். நான் செய்த தவறு, அவள் சினையாக இருந்தபோதே சத்து சேரட்டும் என்று நாள்தோறும் கால்சியம் டானிக் கொடுத்தது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சீராக வைத்திருக்கும் சுரப்பிகள் கழுத்தில், தைராய்டை ஒட்டி இருக்கின்றன. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் அவை மந்தமாகிவிடுகின்றன. பிறகு பால் சுரக்கும் நாளில் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய வேளையில் விழித்துக்கொள்ளத் தாமதிக்கின்றன. சினை நாய்க்குத் தேவைப்படுவது நல்ல சாப்பாடு மட்டுமே. ஈன்ற பிறகு, மூன்றாம் நான்காம் வாரங்களில், அவள் வழக்கமாக உண்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு உண்ண வேண்டியிருக்கும். அதை ஒரே வேளையாகக் கொட்டாமல் நாலைந்து வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும்.

மயிலை சிப்பிப்பாறைச் சாயல் உள்ள நாட்டு நாய். சாம்பல் நிறம் என்பதால் அந்தப் பெயர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நவம்பர் 21ஆம் தேதி, அடைமழையில், அவள் ஆறு குட்டிகளை ஈன்றாள். நான்கு பெட்டை, இரண்டு ஆண். பழைய இலக்கணம் நாயின் குட்டியைக் 'குருளை' என்கிறது. கண் திறவாமல், காது மடங்கி, சதைக் குழல்களாக நெளிந்த அந்த ஆறையும் பார்த்தபோது அந்தச் சொல்லின் உருட்சி எனக்குப் பொருந்தி வந்தது.

இது அவளுக்கு இரண்டாம் ஈத்து. முதல் ஈத்தில் நான் இழந்த ஒரு குட்டியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் குட்டி மற்றவற்றைவிடச் சிறியது. மடியில் இடம் பிடிக்க முடியாமல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, தொட்டால் குளிர்ந்து கிடந்தது. பசியால் சோர்ந்திருக்கிறது என்று நினைத்து, பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரில் எடுத்து, கைக்குழந்தையைக் கிடத்துவது போல மல்லாக்கக் கிடத்தி ஊற்றினேன். மூக்கின் வழியாகப் பால் குமிழியிட்டது. மறுநாள் காலையில் அது இறந்திருந்தது. ஒரே செயலில் நான் செய்த தவறுகள் நான்கு. குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. முதலில் உடம்பைச் சூடாக்கிய பிறகே எதையும் ஊட்ட வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். தாயிடம் குடிப்பது போலக் குப்புறக் கிடந்து, தலை சற்றே நிமிர்ந்த நிலையில்தான் குட்டி குடிக்க வேண்டும். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாலில் உள்ள சர்க்கரையோ குறைவு. ஆகவே பசும்பால் குட்டிக்கு ஊட்டமும் தராது, வயிற்றையும் கெடுக்கும். அதில் 'கெட்டியாக இருக்கிறது' என்று தண்ணீரும் கலந்தால் மிச்சமிருக்கும் கொஞ்ச ஊட்டமும் போய்விடும்.

நம் ஊர் வெயில் ஊர், குட்டிக்கு எங்கே குளிரப் போகிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. முதல் வாரத்துக் குட்டிக்கு நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. படுக்கையைச் சுற்றி 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். அந்தக் கார்த்திகை மழையில் எங்கள் தொழுவத்தில் இரவில் 23 டிகிரிதான் இருந்தது. எனவே இந்த முறை தொழுவத்தின் மூலையைச் சாக்கால் மறைத்து, பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மேல் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். சூடு அதிகமானால் குட்டிகள் மறுபக்கம் நகர்ந்துகொள்ள வசதியாக இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். தனித்தனியாகச் சிதறி வாயைத் திறந்து கிடந்தால் வெப்பம் மிகுதி. அவை தோளோடு தோள் ஒட்டி வரிசையாகத் தூங்குவதைப் பார்த்த பிறகே நான் படுக்கப் போனேன். பெட்டிக்குள் செய்தித்தாள் விரிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். வழுவழுப்பான தாளில் கால் ஊன்ற முடியாமல் குட்டிகளின் கால்கள் பக்கவாட்டில் பரப்பிக்கொள்ளும். துவைத்துக் காயவைத்த சணல்சாக்குக்கு அந்தக் குறை இல்லை.

பிறந்த ஒரு மணி நேரத்திலிருந்து சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நாள்தோறும் நிறுத்தேன். ஐந்து குட்டிகள் 310 முதல் 360 கிராம். கடைசியாகப் பிறந்த பெட்டை மட்டும் 230. அதற்குச் சுண்டு என்று பெயர் வைத்தோம். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் முதல் ஒரு நாளுக்குள்தான், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான், முழுமையாக உறிஞ்சும். ஆகவே அன்று முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மற்ற குட்டிகளை விலக்கிச் சுண்டுவைப் பால் அதிகமுள்ள பின்மடிக் காம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும் என்பது கணக்கு. மற்றவை எட்டாம் நாளில் இரட்டித்தன; சுண்டு பதினோராம் நாளில் 460 கிராமைத் தொட்டது. கையில் எடுத்தால் வயிறு உருண்டையாகத் தெரிகிறதே என்று கண்ணை நம்பக் கூடாது. ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே தராசு காட்டிக்கொடுத்துவிடும், கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் முதல் கண்கள் திறந்தன. பதினைந்தாம் நாள் பூச்சி மருந்து. உருளைப்புழு தாயின் உடம்பில் உறங்கிக் கிடந்து கருவிலேயே குட்டிக்குப் போய்விடுகிறது, பால் வழியாகவும் போகிறது. தெருவில் கால் வைக்காத குட்டிக்கும் புழு இருக்கும். எடை பார்த்து மருத்துவர் கொடுத்த பைரான்டெல் மருந்தைக் குடித்த மறுநாள், பெரிய ஆண்குட்டியின் மலத்தில் வேகவைத்த சேமியா போல ஒரு சுருள் கிடந்தது. அத்தனை சின்ன வயிற்றில் அத்தனை புழு! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டாம் வாரம் வரை, தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இனி 23ஆம் நாளுக்கு வருகிறேன். மயிலையைக் கூடத்தில் கட்டிவிட்டு, மதுரையிலிருந்து பேருந்தில் வரவழைத்த குட்டிகளுக்கான பால்மாவை வெந்நீரில் கரைத்து, விளிம்பு உயராத ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றினேன். ஆறும் தட்டைச் சுற்றி நின்று, அது இன்னதென்று தெரியாமல் அழுதன. பால் என்றால் மேலே இருப்பது, முட்டினால் வருவது என்பதுதான் அவற்றின் அறிவு. விரலை நனைத்து ஒரு குட்டியின் உதட்டில் வைத்து, அது நக்க நக்க விரலைத் தட்டை நோக்கித் தாழ்த்தினேன். மூக்கு வரை முக்கித் தும்மியது. பிறகு நாக்கு நீண்டது. இரண்டாவது குட்டி தட்டுக்குள் இறங்கி நின்றது. மூன்றாவது, அதன் காலை நக்கிப் பால் குடிக்கக் கற்றது. சுண்டு மட்டும் அன்று கற்கவில்லை. அதற்கு ஊசியில்லாத சிரிஞ்சில், குப்புற வைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். இரவு பதினோரு மணிக்கு ஒன்று, அதிகாலை நான்கு மணிக்கு ஒன்று. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் ஈரத்துணியால் முகத்தையும் காலையும் துடைத்து உலர்த்த வேண்டும். பால் காய்ந்த முடியில் எறும்பு ஏறிவிடும்.

அதன்பின் தட்டில் இருந்தது நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. நான்காம் வாரம், குட்டிகளுக்கான உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்த கூழ். ஐந்தாம் வாரம், குழைய வடித்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்து அரைத்த கோழி. கேழ்வரகுக் கூழும் சேர்த்தேன். ஆனால் கூழே சாப்பாடாகிவிடக் கூடாது. வளரும் குட்டிக்குத் தானியம் தரும் புரதம் போதாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் நம் குழம்பையோ ரசத்தையோ ஒரு கரண்டிகூடச் சேர்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை. முதல் வாரத்தில் மலம் சற்றே இளகியது; அப்போது கெட்டியாக்கும் வேகத்தைக் குறைத்து இரண்டு நாள் பொறுத்திருந்தேன், தானே சரியானது.

மயிலையை 24 மணி நேரம் கழித்துக் குட்டிகளிடம் விட்டபோது, பகலில் மூன்று முறை, கால்மணி நேரம் மட்டும் பால் கொடுக்கவிட்டேன். அந்த வாரம் அவளுடைய மடியைப் பார்த்தபோதுதான் காம்புகளைச் சுற்றி மெல்லிய செந்நிறக் கீறல்கள் இருப்பது தெரிந்தது. குட்டிகள் பால் குடிக்கும்போது முன்னங்கால்களால் மடியை மாறி மாறி அமுக்கும். கொக்கி போல் வளர்ந்திருந்த நகங்கள் கீறியிருந்தன. நகவெட்டியால் வெள்ளை நுனியை மட்டும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இரத்த நாளத்தைத் தொடாமல், வெட்டிவிட்டேன். இரண்டு நாளில் கீறல்கள் ஆறின. வாரம் ஒருமுறை இதைச் செய்யாத வீடுகளில்தான் தாய் பாலைச் சீக்கிரம் மறுத்துவிடுகிறாள் என்று நினைக்கிறேன்.

31ஆம் நாள் ஒன்று நடந்தது. மயிலை தன் கிண்ணத்தில் கோழியும் சோறும் தின்றுவிட்டு நேராகத் தொழுவத்துக்குப் போனாள். குட்டிகள் அவள் வாயோரத்தை முகர்ந்து நக்கின. அவள் தலையைத் தாழ்த்தி, விலா எக்கி எக்கி, தின்றதையெல்லாம் அவற்றின் முன் கக்கினாள். மறுபடியும் நோய் வந்துவிட்டது என்று பதறி ஓடினேன். குட்டிகள் அதற்குள் அதைச் சூழ்ந்துகொண்டு தின்றன. அதுவரை தட்டில் ஆர்வம் காட்டாத சுண்டுவும் தின்றது. மயிலை சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் கேட்டபோது இது ஓநாய்களும் செய்வதுதான் என்றார். பாதி செரித்து, தாயின் உடற்சூட்டில், தாயின் மணத்தோடு வரும் முதல் கட்டியுணவு. நான் மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்ததை அவள் தன் வயிற்றில் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். அன்றுமுதல் அவளுக்கு வைக்கும் சாப்பாட்டில் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நம் வீடுகளில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். மயிலைக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. நான்காம் வாரம் முடிவதற்குள் குட்டிகளுக்கு ஊசிமுனைப் பற்கள் முளைத்துவிட்டன. முதலில் அவள் படுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து கொடுத்தாள். பிறகு நின்று கொடுத்தாள். குட்டிகள் பின்னங்காலில் எழும்பி நின்று குடித்தன. ஐந்தாம் வாரம், பாதியில் நடந்துபோனாள். இரண்டு குட்டிகள் காம்பைக் கவ்வியபடியே சிறிது தூரம் இழுபட்டுப் போய் விழுந்தன. ஆறாம் வாரம் உறுமினாள். பெரிய ஆண்குட்டி பொருட்படுத்தாமல் மடிக்கு வந்தபோது, அவள் வாயைத் திறந்து அதன் மூஞ்சி முழுவதையும் தன் தாடைக்குள் வைத்து ஒரு நொடி அழுத்தினாள். பல் படவில்லை. அது வீறிட்டுக் கத்தி மல்லாந்து படுத்தது. அவள் அதன் வயிற்றை நக்கிவிட்டாள். அடுத்த முறை உறுமலே போதுமாக இருந்தது, அதற்கடுத்த முறை பார்வையே போதுமாக இருந்தது. கடித்தால் எவ்வளவு வலிக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் குட்டி அந்த இரண்டு வாரங்களில் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் படித்தது. அதை என்னால் கற்பித்திருக்க முடியாது.

இதனால்தான் 30 நாளில் குட்டியைக் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொன்னேன். கண் திறந்து ஓடியாடுகிறது, சோறு தின்கிறது, இன்னும் எதற்குத் தாயிடம் என்று கேட்டார்கள். முதல் ஈத்தில் நானும் அப்படித்தான் நினைத்து, 32 நாளில் நான்கு குட்டிகளைக் கொடுத்தேன். ஒன்று விளையாட்டுக்குக் கடித்தாலும் இரத்தம் வரக் கடிக்கிறது என்று திரும்பி வந்தது. இன்னொன்று பார்வோ என்னும் தொற்றுநோய் கண்டு, இரத்தமாகக் கழிந்து, மூன்றே நாளில் செத்தது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நடத்தி 1965இல் வெளியிட்ட நெடிய ஆய்வு, மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி பழகுவதெல்லாம் அதன் மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்று காட்டியது. அதன் முதல் பாதி தாய்க்கும் உடன்பிறப்புகளுக்கும் உரியது, பின்பாதி புதிய வீட்டுக்குரியது என்று நான் பிரித்துக்கொள்கிறேன். 2017இல் மத்திய அரசு வகுத்த விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பார்வோவைப் பொறுத்தவரை, தாயிடம் பெற்ற எதிர்ப்புச் சத்து குறைந்துவரும். ஆனால் தடுப்பூசி முழுதாகப் பலன் தரும் அளவுக்கு இன்னும் குறைந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் நோய் நுழைகிறது. அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. குட்டி செத்த இடத்தில் ஃபினாயில் ஊற்றிவிட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஃபினாயிலுக்குச் சாகாது. தரையைக் கழுவிவிட்டுப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள்.

கேட்டு வந்தவர்கள் அனைவரும் ஆண்குட்டியைத்தான் கேட்டார்கள். பெட்டைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைக்குப் பக்கத்திலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டுப் போவதை எங்கள் பக்கத்தில் யாரும் குற்றமாகக்கூட நினைப்பதில்லை. இதே கரிசல் மண்ணில் கன்னி என்னும் இனத்து நாயை மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த வழக்கமும் இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் கசக்கிறது. நான்கு பெட்டைகளுக்கும் வீடு தேட எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆறு மாதம் நிரம்பியதும் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுவதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டுமே கொடுத்தேன். மயிலைக்கும் மடி வற்றிய பிறகு அதைச் செய்துவிட்டோம். வற்றுவதற்காக ஏழாம் வாரத்திலிருந்து அவளுடைய சாப்பாட்டைப் படிப்படியாகக் குறைத்தேன். மடி கல்லாகவோ சூடாகவோ மாறுகிறதா என்று நாள்தோறும் தொட்டுப் பார்த்தேன்.

56ஆம் நாள் ஜனவரி 16. பொங்கல் கூட்டமும் உறுமிச் சத்தமும் அடங்கிய மாலையில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு குட்டியோடும் தடுப்பூசி அட்டை, மூன்று நாளைக்கு ஆகும் பழகிய தீவனம், மயிலை படுத்த சணல்சாக்கில் கிழித்த ஒரு துண்டு. சாக்கைத் துவைக்காமல் கொடுத்தேன். முதல் வாரம் சாப்பாட்டை மாற்றாதீர்கள், இரவில் தனி அறையில் அடைக்காதீர்கள், ஊசிகள் முடியும் வரை தெருவில் இறக்காதீர்கள் என்று எழுதியும் கொடுத்தேன். சுண்டுவை எட்டயபுரத்திலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி ஒருவர் எடுத்துப்போனார். அன்று அதன் எடை மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணாச்சி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அழுதுச்சு. அப்புறம் அந்தச் சாக்குல மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டுத் தூங்கிருச்சு. இப்ப எந்திரிச்சுத் தட்டுக்குள்ள இறங்கி நின்னு தின்னுக்கிட்டு இருக்கு."